வலது கால்

முதல் நாற்காலியில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டபோது சேசடிமை தன் வலது காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கால் சுத்தமாக இருந்தது. அதுதான் அவரை உறுத்தியது. பெரிய வியாழன் பூசையில் பன்னிரண்டு பேர் பாதம் கழுவுகிற சாமியார் ஒவ்வொரு நாற்காலியாகத் தாண்டி, ஏழாவதாகத் தன் முன்னால் வந்து முழங்காலிடும்போது, கோயில் நிறைந்த சனம் பார்த்திருக்க இந்தக் காலை உள்ளே இழுத்துக்கொள்ளப் போகிறோம், அதற்கென்றேதான் வந்து உட்கார்ந்திருக்கிறோம், அப்படியிருக்க மத்தியானம் கொல்லைப்புறத்தில் குத்தவைத்து இதை எதற்காக அத்தனை நேரம் தேய்த்தோம்? லாரியில் வந்த நல்ல தண்ணீர் பாதி வாளி போனது. சவக்காரம் போட்டார், பீர்க்கங்கூடு போட்டார், அதற்கும் மசியாத வெடிப்புகளைச் செங்கல் துண்டால் உரசினார், உரசிய பிறகும் வெடிப்புக்குள் வெள்ளையாகக் குடியிருந்ததை ஈர்க்குச்சியால் நோண்டிக்கூட எடுத்தார். உப்பளத்தில் கிழடாகிப்போன கால். எத்தனை தேய்த்தாலும் அது பிள்ளைக் காலாகிவிடாது, ஆனாலும் தேய்த்துக்கொண்டே இருந்தார். பின்வாசலில் நின்ற பெண்டாட்டி பிலோமி சிரிக்காமல் சொன்னாள், "வலது காலு மட்டும் மாப்பிள்ளையாட்டம் மினுங்குது. எடது காலு என்ன பாவம் செஞ்சுது?" "சிஸ்டர் சொன்னாவல்லா" என்றார். சிஸ்டர் புளோரா சொன்னதென்னவோ உண்மை. போன ஞாயிறு பூசை முடிவில் ஒலிபெருக்கியில் சொன்னாள், பாதம் கழுவ உட்காருகிறவர்கள் வலது காலை நன்றாகக் கழுவிக்கொண்டு வர வேண்டும், சாமி கை வைத்துத் தொட வேண்டுமில்லையா என்று. கழுவப் போகிற காலைக் கழுவிக்கொண்டு வரச் சொல்கிற கோயில் என்று இதே சேசடிமை எத்தனை வருஷம் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து நக்கலடித்திருக்கிறார். ஒரு தடவை துண்டுப் பிரசுரத்திலேயே அச்சடித்தார், அழுக்கைத் தொட மனமில்லாதவர்கள் பாதத்தைத் தொட வருகிறார்கள் என்று. அந்த வாக்கியத்தின் மேல் அவருக்கு இன்னும் கர்வம் உண்டு. அதை எழுதிய ஆளா இன்றைக்குச் செங்கல்லை வைத்து உரசினான்? சம்மதிக்காதவன் எதற்குக் காலைத் தேய்க்க வேண்டும்? பழக்கம், வெறும் பழக்கம், நாலு பேர் பார்க்கிற இடத்துக்குப் போகிறவன் முகத்தைக் கழுவுவதில்லையா, அதுபோல, என்று சொல்லிப் பார்த்தார். மனசு அந்தப் பதிலை வாங்கிக்கொள்ளவில்லை. கேள்வி சுற்றிக்கொண்டு திரும்பவும் அந்தக் காலிலேயே வந்து உட்கார்ந்தது.

முதல் நாற்காலியில் இருந்தது பெர்க்மான்ஸ், அளத்து மேனேஜர். சாமியார் துவாலையால் துடைத்துக் குனிந்து முத்தமிட்டபோது பெர்க்மான்ஸ் கண்ணை மூடிக்கொண்டான். சாக்ஸ் போட்டு வெளுத்த கால். அளத்துக்குள் ஒரு நாள் ஒரு பொழுது இறங்காத கால். இனிமேல் அவன் விடுபட்டவன், அவன் பங்குக்கு முடிந்தது. மற்றவர்கள் காலும் நனைந்துவிட்டால் ஒரேயடியாக முடிந்தது. வேறெந்த ஊரிலும் இல்லாத ஒரு கட்டுப்பாடு இந்தப் பங்குக் கோயிலில் உண்டு. எந்தக் காலத்திலோ இருந்த ஒரு வெள்ளைக்காரச் சாமியார், சப்பரம் தூக்குவதில் வெட்டுக்குத்து வரை போன இரண்டு தெருக்காரர்களைப் பெரிய வியாழனன்று ஒரே வரிசையில் உட்காரவைத்துக் காலைக் கழுவினார். ஒரே தாம்பாளத்தில் கால் நனைத்தவர்கள் இனி ஒருவர் மேல் ஒருவர் வழக்குக்கோ சாட்சிக்கோ போகக்கூடாது என்று சொல்லிவிட்டுக் கப்பலேறிப் போய்விட்டார். விசுவாசப் பிரமாணத்தைப் பாதி முழுங்கிச் சொல்கிற சனம் இதை மட்டும் ஒரு எழுத்து சிந்தாமல் காத்து வந்தது. கட்டுப்பாட்டை மீறியவன் ஒருவன் உண்டு, கயித்தான். தம்பியோடு இந்த வரிசையில் உட்கார்ந்து எழுந்துவிட்டு, மழைக்காலத்தில் கிணற்றுத் தகராறுக்குக் கோர்ட்டுக்குப் போனான். அவன் செத்தபோது சவப்பெட்டியைத் தூக்க ஒரு தோள் வரவில்லை. மருமகன் உப்பு தள்ளுகிற வண்டியில் வைத்துக் கல்லறைத் தோட்டம் வரை தள்ளிக்கொண்டு போனான். சக்கரம் கிறீச்சிட்டது தெரு முழுக்கக் கேட்டது. அன்றைக்கு முக்கில் கையைக் கட்டிக்கொண்டு நின்ற கூட்டத்துக்கு முன்னால் நின்றது உப்பளத் தொழிலாளர் சங்கத் தலைவர் சேசடிமைதான். யாரும் தோள் கொடுக்கக் கூடாது, ஊர்க் கட்டுப்பாடு போனால் நாளைக்குச் சங்கக் கட்டுப்பாடும் போகும் என்று வீடு வீடாகச் சொன்னதும் அவர்தான். அதை எதற்கு இப்போது நினைக்க வேண்டும். தண்ணீர் விழுகிற சத்தம். இரண்டாவது நாற்காலி.

இப்போது விஷயம் வேறு, செத்தவன் வேறு. மாசி மாதக் கடைசியில் கித்தேரியின் மகன் செபஸ்தி அளத்துக் கிணற்றடியில் மோட்டார் போடப் போனான். ஸ்டார்ட்டர் பெட்டிக்கு மூடி இல்லை, உள்ளே வயர் தோலுரிந்து கிடந்தது, நின்ற இடத்தில் கணுக்கால் அளவு உப்புத் தண்ணீர். மின்சாரம் அவனைத் தூக்கி எறியக்கூட இல்லை, பெட்டியோடு பிடித்து வைத்துக்கொண்டது. கட்டையால் தட்டி விடுவித்தபோது கால் இரண்டும் தண்ணீருக்குள்ளேயே இருந்தன. அதற்கு முந்தின வாரம்தான் குடிதண்ணீர் விஷயமாக அளத்துக்குப் போன சேசடிமை அந்தப் பெட்டியைப் பார்த்தார். பார்த்துவிட்டு நேரே பெர்க்மான்ஸிடம் போய், "மூடி இல்லாத பெட்டி, அடியில தண்ணி கெடக்கு, ஒரு உசிரு போவும்வே" என்று முகத்துக்கு நேரே சொன்னார். "நீரு வேலைய விட்டு நின்ன ஆளுதான? எதாவது மரத்தடியில போயி இரும்வே" என்றான் அவன். சுற்றி நின்றவர்கள் அத்தனை பேர் காதிலும் அது விழுந்தது. இப்போது அந்தக் காதுகள் எல்லாம் அடைத்துவிட்டன, வாய் திறந்தால் மறுநாள் அளத்தில் கால் வைக்க முடியாது. வருகிற திங்கட்கிழமை தொழிலாளர் துறை அதிகாரி முன்னால் விசாரணை. மனுக் கொடுத்தவள் கித்தேரி. சாட்சி ஒரே ஆள், சேசடிமை. இதைத் தெரிந்துதான் பங்குச் சாமியார் லியோன் வீடு தேடி வந்தார். முப்பது வயசு இருக்கும், பேச்சில் தேன் தடவிய பிள்ளை. "தலைவரே, நீங்க ஒரு நாற்காலியில உக்காந்தாத்தான் அது சமாதானம். பெர்க்மான்ஸும் வாரேன்னுட்டாரு. பன்னெண்டாவது ஆளு இன்னும் முடிவாகல" என்றார். வருகிறேன் என்று சொன்னவுடன் சாமியார் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. தலைவரை மடக்கிவிட்டோம் என்று அவர் நினைத்தார், சாமியாரை மடக்கிவிட்டோம் என்று இவர் நினைத்தார். வராமல் இருந்தால் பயந்துவிட்டான் என்பார்கள். வந்து, உட்கார்ந்து, அத்தனை சனத்துக்கும் முன்னால் காலை இழுத்துக்கொண்டால் அதைவிடப் பெரிய துண்டுப் பிரசுரம் எது? அச்சுக்கூலி கிடையாது, எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவனும் படித்துக்கொள்வான். நேற்று ராத்திரி அதை நினைத்தே தூக்கம் பிடித்தது. காலை எப்படி இழுப்பது, மெதுவாகவா சட்டென்றா, இழுத்த பிறகு சாமியாரைப் பார்ப்பதா பெர்க்மான்ஸைப் பார்ப்பதா. ஒரு வார்த்தையும் பேசக்கூடாது என்று முடிவு செய்திருந்தார்.

"அண்ணாச்சி" என்று எட்டாவது நாற்காலியிலிருந்து தொம்மை காதருகில் சாய்ந்தார். லாரி ஓட்டி ஓய்ந்த ஆள், கோயிலிலும் வாய் சும்மா இருக்காது. "சாமியாரு முத்தம் குடுக்கும்போது எனக்கு உள்ளங்காலு கூசிரும். தெரியாம ஒதச்சிப்புட்டா பாவமா?" சேசடிமை திரும்பாமலே சொன்னார், "ஒதச்சா உமக்கு நித்திய நரகம். பேசாம இரும்வே." "நரகத்துக்கு என்ன, அங்கயும் உப்பளந்தான இருக்கும்" என்று தொம்மை நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார். சாம்பிராணி வாசம் தொண்டையில் கரித்தது. வானவர் கீதத்தோடு மணிகள் எல்லாம் ஓய்ந்துவிட்டன, இனி சனிக்கிழமை இரவு வரை மணி கிடையாது, மரக்கட்டையைத்தான் தட்டுவார்கள். அந்தக் கட்டைச் சத்தம் அவருக்குச் சின்ன வயசிலிருந்தே ஆகாது. யாரோ யாரையோ பெட்டியில் வைத்து அறைகிற மாதிரி. மூன்றாவது நாற்காலி. பிரசங்கம் இன்னும் காதுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொருவர் வேலையும் ஒரு அழைத்தல் என்று ஆரம்பித்தார் லியோன் சாமி. குருவானவருக்கு மட்டுமா தேவ அழைத்தல், வலை வீசுகிறவனுக்கு வலை அழைத்தல், சமைக்கிற தாய்க்கு அடுப்பு அழைத்தல், உப்பு வாருகிறவனுக்கு வாருபலகை அழைத்தல், கையில் இருக்கிற வேலையே உன் பீடம், அதில் உன்னையே பலியாக ஒப்புக்கொடு. அழகான தமிழ். அப்புறம் குரலைத் தாழ்த்தி, நம் தம்பி செபஸ்தி தன் அழைத்தலில் கடைசி மூச்சு வரை பிரமாணிக்கமாக இருந்தார் என்றார். பெண்கள் பக்கம் மூக்கு உறிஞ்சுகிற சத்தம். சேசடிமைக்கு உச்சந்தலை சுட்டது. அழைத்தலாம். மூடியில்லாத பெட்டி அவனை வா என்று அழைத்ததாம். செபஸ்தி பாலிடெக்னிக் படிக்க ஆசைப்பட்டான், ஊரில் ஒருத்தர் விடாமல் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தான். அவனை அளத்தில் கொண்டுவந்து தள்ளியது வயிறு. தள்ளினதற்கும் அழைத்ததற்கும் வித்தியாசம் தெரியாதவன் தேவ சாஸ்திரம் படித்து என்ன பிரயோசனம். அழைக்கிறவன் ஒருவன் இருந்தால் வரமாட்டேன் என்று சொல்லவும் ஒரு வாய் இருக்க வேண்டும். அளத்தில் பிறந்தவனுக்கு அந்த வாய் ஏது?

நமக்கு மட்டும் எது அழைத்தல் என்று தெரியாதா. தெரியும். குருமடத்தில் சேர்ந்து இரண்டு வருஷம் லத்தீன் ஓதிய ஆள்தான் சேசடிமை. அதிபர் சாமியார் கூப்பிட்டு, நாற்காலியில் சாய்ந்துகொண்டு, தம்பி உனக்கு அழைத்தல் இல்லை, வீட்டுக்குப் போய் அப்பாவுக்கு ஒத்தாசையாய் இரு என்றார். ஏன் என்று கேட்டதற்கு, அதைக் கேட்கிறாய் பார், அதுதான் என்றார். தகரப் பெட்டியோடு பஸ்ஸில் திரும்பி வந்தான். மறுநாள் விடியலில் அப்பா வாருபலகையைக் கையில் கொடுத்தார், அவ்வளவுதான். அந்தப் பலகையை இழுத்துக்கொண்டு எத்தனை நாள் அழுதிருப்பான், வேர்வையும் கண்ணீரும் ஒரே கரிப்பு, அளத்தில் அழுவதில் அது ஒரு சவுகரியம். அப்புறம் ஒரு உச்சி வெயிலில் கங்காணி தண்ணீர்ப் பானையைக் காலால் கவிழ்த்தான், பெண்கள் அடிக்கடி எழுந்து குடிக்கப் போவதால் வேலை கெடுகிறதாம். தலையில் உப்புப் பெட்டியோடு நின்ற பெண்கள் தரையில் ஓடி மறைந்த தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். யாரோ சொன்னார்கள், பானை நிறையாமல் ஒரு பெட்டி உப்பு இங்கேயிருந்து நகராது என்று. கணீரென்ற குரல். யார் சொன்னது என்று சேசடிமை திரும்பிப் பார்த்தான், பின்னால் யாருமில்லை. எல்லாரும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது வந்த விதம் அவருக்கு மட்டும்தான் தெரியும். அடிவயிற்றிலிருந்து எழும்பி, தொண்டையைத் தன்னுடையதாக எடுத்துக்கொண்டு வெளியேறிய குரல். அதற்கு எந்த அதிபரும் சான்று கொடுக்கவில்லை, எந்த ஆயரும் தலையில் கை வைக்கவில்லை. ஆனாலும் அவர் குருத்துவம் பெற்றவரைப் போலத்தான் வாழ்ந்தார். ஜெபப் புத்தகத்துக்குள் துண்டுப் பிரசுரத்தை வைத்து படித்துப் படித்து மனப்பாடம் செய்தார். லாக்கப்பில் விரல்களை மடக்கி ஜெபமாலை சொன்னார். படுக்கப்போகும் முன் ஆத்தும சோதனை, ஒரே கேள்வி, இன்றைக்கு யார் முன்னால் தலை குனிந்தாய். அடிமை என்று பெயர் வைத்துக்கொண்டு விடுதலை பேசுகிறான் என்று தோழர்களே சிரித்தபோது, நான் சேசு ஒருத்தருக்குத்தான் அடிமை, அந்த ஒருத்தர் உங்கள் அளத்தில் பங்குதாரர் இல்லை என்றார். அப்படிப் பேசிய நாக்கு. இந்த ஊரில் அழைக்கப்பட்டவன் ஒருவன் உண்டென்றால் அது நான் என்று மனசு சொன்னது. சொல்லும்போதே அந்தப் பெருமை புளித்த வாசனையோடு மேலே வந்தது, அதையும் முழுங்கிக்கொண்டார். ஐந்தாவது நாற்காலி. தாம்பாளத்துத் தண்ணீர் கலங்கக்கூட இல்லை, கழுவிய கால்களைக் கழுவுகிற தண்ணீர் எங்கே கலங்கும்.

அப்போதுதான் பக்கவாட்டில் பார்த்தார், பார்த்திருக்க வேண்டாம். நாற்காலிகளைப் பீடத்துக்கு முன்னால் பிறைபோல வளைத்துப் போட்டிருந்ததால் கடைசி நாற்காலி நேரே தெரிந்தது. பூசை தொடங்கும்போது அது காலியாகத்தான் இருந்தது. மணியடிக்கிற கோயில்குட்டியை உட்காரவைப்பார்கள் என்று நினைத்திருந்தார். இப்போது அதில் கித்தேரி உட்கார்ந்திருந்தாள். வெளுத்த சேலை, தலையில் முக்காடு, மடியில் இரண்டு கையும். எப்போது வந்தாள்? யார் அழைத்து வந்தது? சிஸ்டர் புளோரா அவளுக்குப் பின்னால் நின்று தோளைத் தொட்டுக்கொண்டிருந்தாள், காவல் நிற்கிற மாதிரி. அவள் உட்கார்ந்துவிட்டாள் என்றால் அவள் முடித்துக்கொள்ள வந்துவிட்டாள். மனுக் கொடுத்தவளே முடித்துக்கொள்ள வந்த பிறகு சாட்சி சொல்ல நீ யார்? குருத்தோலை ஞாயிறிலிருந்து அவள் வீட்டுப் பக்கம் போகவில்லை. வேண்டுமானால் அவள் வரட்டும் என்று இருந்துவிட்டார். தலைவரைத் தேடித்தான் சனம் வரும், தலைவர் சனத்தைத் தேடிப் போவதா. அந்த வீறாப்பில் நாலு நாள் போனது. அந்த நாலு நாளில் அவளிடம் யார் யார் போய் உட்கார்ந்தார்களோ. இளைய மகளுக்கு அளத்து ஆபீஸில் வேலை என்று டீக்கடையில் ஒரு பேச்சு அடிபட்டது, பெர்க்மான்ஸ் பரப்புகிற புரளி என்று தள்ளிவிட்டார். புரளி இல்லையோ. அவள் என்ன செய்வாள், புருஷனும் இல்லை, மகனும் போய்விட்டான், குமரு ஒன்று வீட்டில் நிற்கிறது. ஒப்புக்கொண்டிருப்பாள், ஒப்புக்கொண்டவளைக் குறை சொல்ல ஆகுமா. அவள் இந்தப் பக்கம் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம்? நான் முடித்துக்கொள்ளப் போகிறேன், நீங்கள் என்னைக் காட்டிக்கொடுத்துவிடாதீர்கள் என்றா? ஆமாம், அதுதான், வேறென்ன இருக்க முடியும். இவர் காலை இழுத்துக்கொண்டார் என்று வை, சனம் கை தட்டாத குறையாகப் பார்க்கும், சேசடிமை சேசடிமைதான் என்று சொல்லும். அப்புறம் ஐந்து நாற்காலி தள்ளி அவள் காலை நீட்டுவாள். பெற்றவள் விற்றாள், அந்நியன் நின்றான் என்று ஊர் பேசும். அளத்துக்குப் போகிற வழியெல்லாம் பேசும், தண்ணீர்க் குழாயடியில் பேசும், மகளுக்கு மாப்பிள்ளை பார்க்க வருகிறவன் காதிலும் விழும். தன் பிரசுரத்துக்கு அவள் காகிதமாகிப் போவாள். நேற்று ராத்திரி தூக்கம் பிடிக்க உதவிய நினைப்பு இப்போது வாயில் துருப்பிடித்த ருசியாக இருந்தது. இல்லை, இழுக்கக் கூடாது, அவளுக்காகவாவது இழுக்கக் கூடாது. அப்படியானால் செபஸ்தி? அவன் கால் நின்ற அந்தத் தண்ணீரை நீதானே பார்த்தாய், கட்டையால் தட்டியபோது நீ அங்கே இல்லை, ஆனால் பெட்டியைப் பார்த்தவன் நீதான். செத்தவனுக்காக நிற்பதா, இருக்கிறவளுக்காக விடுவதா? இதற்கு எந்தப் பிரசுரத்திலும் பதில் அச்சடிக்கவில்லை. அந்தக் குரல் வர வேண்டும், பானை கவிழ்ந்த அன்றைக்கு வந்ததே, அது வந்து தொண்டையை எடுத்துக்கொண்டால் தான் ஒன்றும் முடிவு செய்ய வேண்டாம். அவர் காத்திருந்தார். அடிவயிறு சும்மா இருந்தது. வாயுவாகக்கூட ஒன்றும் எழும்பவில்லை.

ஆறாவது நாற்காலி முடிந்து லியோன் சாமி எழுந்து நகர்ந்து மறுபடி முழங்காலிட்டார். இளசான பிடரி, அதில் வேர்வை. நிமிர்ந்து பார்த்துக் கண்ணாலேயே கேட்டார், தலைவரே? கோயிலில் விசிறிகள் சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது. பாடகர் குழுகூடச் சரணத்துக்கு நடுவில் நிறுத்தி மூச்சு வாங்குவதுபோல இருந்தது. பெர்க்மான்ஸ் கண்ணைத் திறந்து பார்ப்பது பக்கவாட்டில் தெரிந்தது. பின்வரிசையில் சங்கத்து ஆட்கள், எழும்பி எழும்பிப் பார்க்கிறார்கள், அவர்களிடம் முன்கூட்டியே ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அவர்களுக்குத் தெரியும், அவர்கள் அவரைத் தெரிந்தவர்கள். இழு, இப்போது இழு. கால் தொடையோடு ஒட்டாத ஒன்றாய், யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பொருளாய்க் கிடந்தது. அவர் இழுக்கவும் இல்லை, நீட்டவும் இல்லை. சாமியார் குதிகாலுக்கடியில் கையைக் கொடுத்துத் தூக்கினார், அது சொன்னபடி கேட்டுத் தூக்கத்தில் போகிற பிள்ளையாய் அவர் கையோடு போனது. மத்தியானமே தெரிந்திருக்கிறது அதற்கு. கொல்லைப்புறத்தில் செங்கல்லால் உரசும்போதே முடிவாகியிருக்கிறது, தலைக்குத்தான் சேதி வந்து சேரவில்லை. அப்படியானால் கித்தேரிக்காக விடுகிறேன் என்று இவ்வளவு நேரம் கட்டியதெல்லாம்? அவளைப் பார்ப்பதற்கு முன்பே கால் சுத்தமாகத்தானே இருந்தது? களைத்துப்போனவன் தனக்கு ஒரு நல்ல காரணம் தேடிக்கொண்டானா? தண்ணீர் விழுந்தது. குளிர்ந்த, நல்ல தண்ணீர். கணுக்காலைத் தொட்டபோது செபஸ்தி நின்ற தண்ணீர் அவருக்கு உடம்பெல்லாம் ஏறியது. மின்சாரம் பாய்ந்தால் வாய் திறக்கும் ஆனால் சத்தம் வராது என்பார்களே, அப்படி வாய் திறந்து மூடியது. துவாலை பட்டது. உதடு பட்டது. உலர்ந்த, சூடான உதடு, ஒரு கணம். கோயில் முழுக்க ஒரு பெருமூச்சு ஓடியது. காற்றுப் பிடுங்கிய டியூபிலிருந்து வருகிற மாதிரி, பின்வரிசையிலிருந்துதான் அது அதிகமாக வந்தது. "நல்ல காரியம் அண்ணாச்சி" என்று தொம்மை முணுமுணுத்தார். அவர் குரலில் கிண்டல் இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை.

எட்டு. தொம்மை உதைக்கவில்லை. ஒன்பது, பத்து, பதினொன்று. சேசடிமை எதையும் பார்க்கவில்லை, முடிந்தது முடிந்தது என்று ஒரு மந்தம் வந்து கவிழ்ந்திருந்தது. இனி திங்கட்கிழமை பஸ் ஏற வேண்டியதில்லை, வெள்ளை வேட்டி துவைத்து வைக்கச் சொல்லியிருந்தோம், அதைச் சனிக்கிழமை பாஸ்கா பூசைக்கு உடுத்தலாம். சாமியார் பன்னிரண்டாவது நாற்காலிக்கு முன்னால் முழங்காலிட்டார். தாம்பாளத்தைத் தரையில் வைத்த சத்தம் கேட்டது. அதற்கப்புறம் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அது கேட்கவில்லை என்பது அவருக்கு உறைத்தது, தலை நிமிர்ந்தார். கித்தேரி இரண்டு காலையும் நாற்காலிக்கடியில் இழுத்துச் சேலைக்குள் மடக்கியிருந்தாள். சாமியாரின் கை வெறும் காற்றில் நீண்டிருந்தது. சிஸ்டர் புளோரா குனிந்து அவள் காதில் என்னவோ சொன்னாள். "இல்ல சிஸ்டர்" என்றாள் கித்தேரி. சத்தம் போடவில்லை, குழாயடியில் பக்கத்துக் குடத்துக்காரியிடம் பேசுகிற அளவுக்குத்தான் பேசினாள். மைக் பக்கத்தில் இருந்ததால் அது கடைசித் தூண் வரை போனது. "எனக்கு வேண்டாம் சாமி. எம்புள்ள தண்ணியில நின்னுக்கிட்டுதான் போனான். அவன் காலு காய்ஞ்சுதோ இல்லியோ, தெரியாது. பெட்டிக்கு யாரு மூடி போடாம விட்டாவன்னு ஆபீசர்கிட்ட நான் கேக்கணும்." லியோன் சாமி, "அம்மா, எல்லாரும் முடிச்சுட்டாங்க" என்றார், கெஞ்சுகிற குரல். "பாத்தேன் சாமி" என்றாள் அவள். "அவுக கால உள்ள இழுத்துக்குவாவன்னு நெனச்சித்தான் நானும் வந்து உக்காந்தேன். அவுகளுக்குப் பின்னால இழுத்தா எனக்குக் கொஞ்சம் பயம் இல்லாம இருக்கும்னு." அவுக என்று அவள் பெயர் சொல்லவில்லை, கை நீட்டவில்லை. முக்காட்டைச் சரிசெய்துகொண்டு அவர் காலை ஒரு முறை பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் பதிலுக்குக் கோபப்பட்டிருக்கலாம். பானையிலிருந்து கொட்டித் தரையில் ஓடி மறைகிற தண்ணீரைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தாள்.

பாடகர் குழு அவசரமாக அடுத்த பாட்டைத் தொடங்கியது. சாமியார் தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு பீடத்துக்கு ஏறினார். போகும்போது அவர் யாரையும் பார்க்கவில்லை. சேசடிமை இடது காலைத் தூக்கி வலது காலின் மேல் வைத்து மறைத்துக்கொண்டார். வெடிப்பும் வெள்ளையுமாய் இருந்த இடது கால், இவ்வளவு நாள் கூட நின்ற கால், அதையாவது பார்க்க முடிந்தது. அவள் குரல் எங்கேயிருந்து வந்தது என்று அவருக்குத் தெரியும். அடிவயிற்றிலிருந்து. தொண்டையைத் தன்னுடையதாக எடுத்துக்கொண்டு வெளியேறுவது. இத்தனை வருஷம் தன் வீட்டு விலாசத்துக்கு மட்டும் வருகிற தபால் என்று நினைத்திருந்தார். இன்றைக்கு ஏழாவது நாற்காலியைத் தாண்டிப் போய்ப் பன்னிரண்டாவதில் இறங்கிவிட்டது. இவர் வாயைத் திறந்து வைத்துக் காத்திருந்த நேரத்தில் அது அங்கே ஏற்கெனவே உட்கார்ந்திருந்தது. இப்போது அவள் மனுவோடு தனியாக நிற்கிறாள், சாட்சி இல்லாமல். சாட்சியின் கால் நனைந்துவிட்டது. பெர்க்மான்ஸ் அதைப் புரிந்துகொண்டுவிட்டான், முதல் நாற்காலியில் அவன் தோள் மெல்ல இறங்கிச் சாய்ந்தது. ஊர் மறக்காது, சேசடிமையே மறக்கவிடாமல் காத்த கட்டுப்பாடு. தொம்மை மறுபடி சாய்ந்தார், சாராயம் குடிக்காத நாளில் அவர் மூச்சில் வெற்றிலை மணக்கும். "அண்ணாச்சி, திங்கக்கெழம என்ன செய்யப் போறீரு?" சேசடிமை இடது காலை எடுத்துத் தரையில் வைத்துவிட்டு, "போவேன்" என்றார். தொம்மை அவரைப் பார்த்தார், அப்புறம் முன்னால் பார்த்துக்கொண்டார், அப்புறம் நாற்காலியை ஒரு விரற்கடை அந்தப் பக்கம் நகர்த்திக்கொண்டார். சத்தமில்லாமல்தான் நகர்த்தினார், நல்ல மனுஷர். சேசடிமை மனசுக்குள் தன் சவப்பெட்டிக்குத் தோள்களை எண்ணிப் பார்த்தார், முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. தொம்மை இல்லை. சங்கத்துப் பிள்ளைகள் இல்லை, கட்டுப்பாடு என்றால் என்ன என்று அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்ததே அவர். மகன் துறைமுகத்தில், வருவானோ என்னவோ. பாட்டுக்கு அடியில் வேறொரு சத்தம் கேட்டது, எண்ணெய் காணாத சக்கரம் தெரு முக்கில் கிறீச்சிட்டுத் திரும்புகிற சத்தம். வண்டியில் யார் என்று எட்டிப் பார்க்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. மரக்கட்டை தட்டினார்கள், சனம் முழங்காலிட்டது. அவரும் நாற்காலியை விட்டு இறங்கினார். இறங்கும்போது வலது காலைப் பார்த்தார். ஈரம் காய்ந்துவிட்டிருந்தது. அளத்துத் தண்ணீராக இருந்தால் காய்ந்த இடத்தில் வெள்ளையாய்ப் பூத்திருக்கும். இது நல்ல தண்ணீர், காலில் ஒன்றையும் விட்டுவைக்காமல் போயிருந்தது.